இரண்டு அடுப்புகள்: கம்பம் பள்ளத்தாக்கின் வீட்டுச் சாப்பாடும் கடைச் சாப்பாடும்

காமயகவுண்டன்பட்டி, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பத்துக்குக் கிழக்கே மேகமலையின் அடியில் இருக்கிற பேரூராட்சி. கே.கே.பட்டி என்பது ஊரார் வழக்கு. மேற்கே கம்பத்தைத் தாண்டிப் பார்த்தால் கேரள எல்லையாக ஏலமலை எழுந்து நிற்கும். இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவே, தெற்கே கூடலூரில் தொடங்கி வடக்கே தேனியை நோக்கி விரியும் நிலம்தான் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்பதை நிலம் தீர்மானிக்கிறது. வெளியே என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆட்கள் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், வீட்டில் யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று கேட்டால்தான் அது தெரியும்.

நிலத்திலிருந்து தொடங்குவதே முறை. முல்லைப் பெரியாறு அணை 1895 இல் கட்டி முடிக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆற்றைப் பொறியாளர் பென்னிகுவிக் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பினார். லோயர் கேம்பில் இறங்கும் அந்தத் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை வயல்களை நனைத்துக்கொண்டு போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்று பாசனக் கணக்கு சொல்லும். மழை ஒத்துழைத்தால் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15 பொங்கலையொட்டி வருவதால், இந்தப் பக்கத்து ஊர்களில் அவர் பெயராலும் பொங்கல் வைக்கிறார்கள். அது வெறும் சடங்கு அன்று. சோறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் செலுத்தும் நன்றி.

ஆனால் ஆற்றுத் தண்ணீர் எல்லா நிலத்துக்கும் ஏறவில்லை. வாய்க்காலுக்கு மேலே, மலையடிவாரம் வரை கிடக்கும் மேட்டுக்காடு வானம் பார்த்த பூமியாகவே நெடுங்காலம் இருந்தது. கேப்பை, கம்பு, சோளம், குதிரைவாலி, மொச்சை, தட்டைப்பயறு, எள், நிலக்கடலை அங்கே விளைந்தன. பின்னால் கிணறும் மின்மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் வந்து, அந்த மேட்டுநிலத்தில் பெரும்பகுதி திராட்சைப் பந்தலாகவும் வாழைத் தோட்டமாகவும் தென்னந்தோப்பாகவும் மாறிவிட்டது. நிலம் மாறிய பிறகும் நாக்கு உடனே மாறவில்லை. நஞ்சைச் சோறும் புஞ்சைக் களியும் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் மாறி மாறி வருவது இந்தப் பள்ளத்தாக்கின் சமையலுக்கு உரிய குணம்.

களியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். கேப்பைக் களிக்கு முதலில் நொய்யரிசியைக் குழைய வேகவிடுவார்கள். கஞ்சி தளதளவென்று கொதிக்கும்போது கேப்பை மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் சிறிது நேரம் விடுவார்கள். மாவின் உள்வரை சூடு ஏறிய பிறகு பானையைக் காலால் அண்டை கொடுத்தோ, இன்னொருவர் கவட்டைக் கம்பால் பிடித்துக்கொள்ளவோ, துடுப்பால் கிண்டுவார்கள். இங்கே அவசரப்பட்டால் மாவு கட்டி கட்டியாக நின்றுவிடும், தயங்கினால் அடிபிடிக்கும். கை ஈரத்தோடு உருட்டிய களியைத் தட்டில் வைத்து, நடுவில் குழிபறித்துக் குழம்பை ஊற்றுவார்கள். களியை மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் ஒக்கலிகர், தெலுங்கு பேசுவோர், தமிழ் பேசும் பல சாதியார் எல்லாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். தென் கர்நாடகத்தின் ராகி முத்தையும் இந்தப் பக்கத்துக் கேப்பைக் களியும் ஒரே குடும்பம் என்பது இரண்டையும் சாப்பிட்டவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

களிக்கு ஏற்ற வெஞ்சனம் கருவாட்டுக் குழம்பு. மொச்சையோ கத்தரிக்காயோ போட்டு, புளி தூக்கலாக, மிளகாயும் மல்லியும் அம்மியில் அரைத்துக் கூட்டிய குழம்பு அது. கடல் இல்லாத ஊரில் கருவாடு இத்தனை உயர்ந்த இடம் பிடித்ததற்குக் காரணம் எளியது. ஐஸ் பெட்டியும் லாரியும் வருவதற்கு முன்பு, கெடாமல் மலை நாட்டுக்கு வரக்கூடிய கடல் மீன் கருவாடு ஒன்றுதான். வாரச் சந்தையில் நெத்திலி, சாளை, வாளைக் கருவாடு விற்கும் இடத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும். கருவாடு இல்லாத நாளில் கீரைக் கடைசலும் எள்ளுத் துவையலும் அந்த இடத்துக்கு வரும். மொச்சைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. தை மாதத்தில் பச்சை மொச்சை சந்தைக்கு வரும்போது அதை உரித்து, தோல் நீக்கிப் பிதுக்கிக் குழம்பு வைப்பது பொறுமை கேட்கும் வேலை. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தால்தான் முடியும். எந்தக் கடையும் இந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்காது. பிதுக்கிய மொச்சைக் குழம்பு கடையில் கிடைக்காததற்கு அதுவே காரணம்.

கறி அன்றாடம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அல்லது நாட்டுக்கோழி. கோயில் கும்பிடு என்றால் கிடாவெட்டு. கிடா வெட்டுகிற நாளில் ஆட்டின் எந்தப் பாகமும் வீணாவதில்லை. இரத்தம் பொரியலாகும், குடல் குழம்பாகும், தலையும் காலும் மறுநாள் சாறாகும். சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கே திரளும்போது வீட்டுக்கு வீடு உறவினர்களுக்காகப் பெரிய சட்டி ஏறும். விருந்தாளியைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போவது இன்றும் இங்கே மரியாதைக் குறைவு. வந்தவருக்கு வீட்டில் சமைத்துப் போடுவதுதான் முறை. கடையில் வாங்கி வரலாம், ஆனால் பரிமாறுவது வீட்டு இலையில்தான்.

கடை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை மலையில் இருக்கிறது. தேனி மாவட்டத்திலிருந்து கேரளத்துக்கு ஏறும் பாதைகள் மூன்று முக்கியமானவை: போடிமெட்டு, கம்பம்மெட்டு, லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. இந்த மூன்று வழிகளிலும் விடியும் முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்டத்து வேலையாட்கள். களை எடுக்க, மருந்தடிக்க, ஏலக்காய் பறிக்கக் கீழேயிருந்து போய் மாலையில் திரும்புகிறவர்கள். காய் பறிப்பதில் பெண்களே பெரும்பான்மை. ஒரு பெண் ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏற வேண்டுமானால் மூன்று, மூன்றரைக்கு அடுப்பு எரிய வேண்டும். வீட்டுக்குச் சமைத்துவைத்து, தனக்கான மதியச் சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு அவர் கிளம்புகிறார். மலைக்காற்றில் ஆறிப்போனாலும் சாப்பிடக்கூடிய புளிக்குழம்புச் சோறு, எலுமிச்சைச் சோறு, துவையல் ஆகியவைதான் தூக்குவாளியில் ஏறுகின்றன. அவர் வீட்டுக்கு வெளியே சாப்பிடுகிறார். ஆனால் சாப்பிடுவது வீட்டுச் சாப்பாடு. பள்ளத்தாக்கில் வெளியே உண்ணப்படும் சாப்பாட்டில் பெரும்பங்கு இதுதான். எந்த உணவகப் பட்டியலிலும் இது இடம்பெறாது.

அந்த நேரத்தில் திறந்திருப்பது டீக்கடை. பாய்லரில் தண்ணீர் கொதிக்க, ஓட்டுநர்களும் காய்கறி ஏற்றும் சுமைதூக்குவோரும் பால்காரர்களும் அங்கே நிற்பார்கள். முதல் சுற்று டீ, பிறகு பருப்பு வடை, உளுந்த வடை. ஆறு, ஏழு மணிக்கு இட்லி, பணியாரம், பூரி. இட்லிக்குச் சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் எங்கும் உண்டு. இந்தப் பக்கத்துக் கடைகளில் காரச் சட்னியும் முதல்நாள் கறிக்குழம்பும் கேட்பவர்கள் அதிகம். காலை வேலைக்குப் போகிறவர் நிறைய இட்லி சாப்பிடுவார், வேகமாகச் சாப்பிடுவார், கணக்கைச் சில்லறையாகத் தீர்ப்பார். இருக்கைகள் குறைவு, தட்டுகள் அதிகம், பலகாரம் எப்போதும் சூடு. இந்த மூன்றும் இருந்தால் கடை ஓடும்.

மதியம் கடைக்கு அடங்கிய நேரம். வயல்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார், தோட்டக்காரர் மலையில் இருக்கிறார். மதிய மெஸ்களில் சாப்பிடுகிறவர்கள் வெளியூரிலிருந்து வந்த அலுவலர்கள், வியாபாரிகள், லாரி ஓட்டுநர்கள், சந்தைக்கு வந்தவர்கள். வாழை இலையில் சோறு, சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம் என்று அங்கே கிடைப்பது தமிழ்நாடு முழுக்க ஒன்றுபோல ஆகிவிட்ட சாப்பாடு. இலை மட்டும் உள்ளூர்த் தோட்டத்திலிருந்து வருகிறது என்பது இதன் சிறப்பு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தபோது, வாழை விளையும் ஊர்களில் பார்சல் கட்ட மாற்று தேட வேண்டியிருக்கவில்லை.

மாலை ஆறு மணிக்குமேல்தான் பள்ளத்தாக்கின் கடைவீதி தன் உண்மையான முகத்தைக் காட்டும். ஜீப்புகள் இறங்கிவிட்டன, கூலி கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஊர் முக்கிலும் பரோட்டாக் கல் சூடேறியிருக்கும். மதியமே மைதாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்த உருண்டைகளை மேசைமேல் அடித்து, வீசி, துணிபோல மெலிதாக்கி, சுருட்டி, தட்டி, கல்லில் போடுவார் மாஸ்டர். வெந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அடித்தால் அடுக்கு பிரிந்து இதழ் இதழாக வரும். கொத்துப் பரோட்டாவுக்கு இரண்டு இரும்புத் தகடுகளால் கல்லின் மேல் போடும் தாளம் தெருக்கோடி வரை கேட்கும். சால்னா என்பது எலும்பு வெந்த சாற்றில் தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, கிராம்பு அரைத்துவிட்ட நீர்த்த குழம்பு. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஊறவிட்டுச் சாப்பிடுவதற்காகவே அது அவ்வளவு தண்ணீராக இருக்கிறது. கெட்டியான குழம்பு இதற்குச் சரிவராது.

பரோட்டாவின் மாவு இந்த மண்ணில் விளைந்ததில்லை. கோதுமை தென் தமிழ்நாட்டுப் பயிரே அன்று. அரிசித் தட்டுப்பாட்டுக் காலங்களிலும், 1956 முதல் பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்த ஆண்டுகளிலும் மைதாப் பலகாரங்களுக்கு நாடெங்கும் இடம் கிடைத்தது. ஆகவே இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கின் கடைவீதியை இரவில் ஆள்வது வெளியூர் மாவு. இதைக் கண்டு வருத்தப்படுவோர் உண்டு. ஆனால் நாள் முழுக்க மலைச்சரிவில் குனிந்து நின்று வேலை செய்த உடம்புக்கு, இறங்கிய உடனே, குறைந்த விலையில், கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும் சாப்பாடு அது. அதைக் குறை சொல்வதற்கு முன்பு, அந்த நேரத்தில் வேறு எது அந்த விலைக்குக் கிடைக்கும் என்று கேட்பதே நியாயம்.

பிரியாணி இன்னொரு வழியாக வந்தது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் தமிழ் முஸ்லிம்களான இராவுத்தர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்களுடைய கல்யாண வீட்டுப் பிரியாணி சீரகச் சம்பா அரிசியில், ஆட்டுக்கறியின் சாற்றிலேயே அரிசியை வேகவிட்டுத் தம் போடும் முறை. கூடவே பருப்பும் எலும்பும் காய்கறியும் சேர்ந்த தால்சா. பாசுமதியின் நீளத்தைவிடச் சீரகச் சம்பாவின் மணத்தை மதிக்கும் இந்தச் சுவை மதுரை, திண்டுக்கல் வட்டாரம் முழுவதற்கும் பொது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. பள்ளிவாசல்களின் கஞ்சிக்கு ஆண்டுதோறும் அரிசி கொடுப்பது தமிழ்நாடு அரசின் நீண்டகால வழக்கம். விலை கொடுக்காமல் ஊரார் வீட்டுக்கு வெளியே பெறும் உணவுகளில் கோயில் பிரசாதமும் இந்தக் கஞ்சியும் முதன்மையானவை. உணவகங்களைப் பற்றிப் பேசும்போது இவற்றை விட்டுவிட்டால் படம் பாதியாகிவிடும்.

மீனுக்கு இன்று இரண்டு கடல்கள் திறந்திருக்கின்றன. தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கமிருந்தும், மலையைத் தாண்டிக் கேரளக் கடற்கரையிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் சாளையும் அயிலையும் வருகின்றன. இவை தவிர அணை மீன் உண்டு. 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் வளரும் கட்லா, ரோகு, ஜிலேபி போன்றவற்றை அணைப் பக்கத்திலேயே மசாலா தடவிப் பொரித்துக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அணையைப் பார்க்க வருகிறவர்கள் மீனைச் சாப்பிடாமல் திரும்புவது அரிது. அணை மீனில் முள் அதிகம், மண்வாடை கொஞ்சம் உண்டு. மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தாராளமாகப் போடுவது அதனால்தான்.

கேரளத்தின் கை இந்தச் சமையலில் நினைப்பதைவிடக் குறைவு. கம்பத்திலிருந்து குமுளி கூப்பிடு தூரம். கிழங்கும் நேந்திரங்காய் வறுவலும் பழம்பொரியும் பாலில்லாத கட்டன் சாயாவும் எல்லைக் கடைகளில் சாதாரணம். எல்லையைக் கடந்து கீழே இறங்க இறங்கத் தேங்காய் எண்ணெயின் மணம் குறைந்து கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் முந்திக்கொள்ளும். சரக்குப் போக்குவரத்தில் நிலைமை வேறு. பள்ளத்தாக்கின் காய்கறியும் வாழையும் அரிசியும் மேலே ஏறுகின்றன. ஏலக்காயும் மிளகும் கீழே இறங்குகின்றன. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் ஒன்று போடிநாயக்கனூர், மற்றது இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. நாட்டின் ஏலக்காய் வணிகத்தின் நடுவில் இருந்தும், பள்ளத்தாக்கின் அன்றாடக் குழம்பில் ஏலக்காய் இல்லை. டீயிலும் பாயசத்திலும் பிரியாணியிலும் மட்டும் அது தலைகாட்டும். பறிக்கிறவருக்கு அது கூலி தரும் பயிர். மணத்துக்காக அள்ளிப் போடும் விலையில் அது இல்லை.

திராட்சையின் கதை இதற்கு மாறானது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் சுற்றுவட்டாரத்தில் பந்தல் பந்தலாக விளைவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. நாட்டு வழக்கில் பன்னீர் திராட்சை. கொட்டையும் தோலும் உள்ள, மணம் மிகுந்த கறுப்புப் பழம். நாட்டின் பிற பகுதிகளில் திராட்சை ஒரு பருவத்தில்தான் அறுவடையாகும். இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணும் தட்பவெப்பமும் கவாத்து முறையும் சேர்ந்து ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்படி செய்கின்றன. 2023 இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளி அருவிக்குப் போகிற வழியில் தோட்டத்து வாசலிலேயே பழமும் சாறும் விற்கிறார்கள். வெளியூர்க்காரர் பள்ளத்தாக்கின் விளைச்சலை விளைந்த இடத்திலேயே சுவைக்கும் வாய்ப்பு இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

சுருளியிலும் மேகமலையிலும் சாப்பிடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆடி, தை அமாவாசைகளில் சுருளிக்கு நீராடவும் முன்னோருக்குத் திதி கொடுக்கவும் வருகிறவர்கள் சோற்றைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். மேகமலை 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னஞ்சிறு கடைகள் உள்ளன. டீ, ஆம்லெட், சொன்னால் சோறு என்ற அளவோடு அவை நின்றுவிடுகின்றன. அந்தக் காடுகளை உண்மையில் அறிந்தவர்கள் பளியர் பழங்குடியினர். அவர்கள் எடுக்கும் மலைத்தேனும் தோண்டும் வள்ளிக்கிழங்கும்தான் மலையின் சொந்த உணவு. கீழே அவற்றில் தேன் மட்டுமே சந்தைக்கு வருகிறது.

இதுவரை சொன்னவற்றைத் தமிழர் வாழும், மலையும் கடலும் சேர்ந்த வேறோர் ஊரோடு வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். மலேசியாவின் பினாங்குத் தீவில் நடுவே மலைகள். உயரம் 800 மீட்டருக்கு மேல். சுற்றிலும் கடல். 1786 இல் பிரிட்டிஷார் அங்கே துறைமுகம் அமைத்த பிறகு, தமிழகக் கரையிலிருந்து முஸ்லிம் வணிகர்களும் கூலியாட்களும் போய்க் குவிந்தார்கள். துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தோளில் தடி வைத்து, ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் மீன்குழம்பும் கறிக்குழம்புமாகத் தூக்கிக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடுதான் இன்று நாசி கண்டார் என்று புகழ்பெற்றிருக்கிறது. பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றிக் கலந்து சாப்பிடுவது அதன் இலக்கணம். 1907 இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் போன்றவை இன்றும் நடக்கின்றன.

பினாங்கிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கடையை உண்டாக்கியது தொழிலாளியின் பசிதான். ஆனால் விளைவு வேறு. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த தனி ஆட்கள். அவர்களுக்கு அங்கே அடுப்பில்லை. எனவே வீட்டில் கிடைத்திருக்க வேண்டிய சோறும் குழம்பும் தெருவுக்கு வந்தன. கம்பத்துத் தொழிலாளிக்கு வீடு இருக்கிறது. வீட்டில் அடுப்பை எரிக்க ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது. ஆகவே வீட்டில் கிடைப்பதைக் கடையும் செய்ய வேண்டிய தேவை எழவில்லை. வீட்டில் செய்ய முடியாததைக் கடை எடுத்துக்கொண்டது: அகன்ற கல் வேண்டும் பரோட்டா, பெரிய தேக்சா வேண்டும் பிரியாணி, சட்டி நிறைய எண்ணெய் வேண்டும் வடையும் பஜ்ஜியும். கம்பம் கடைவீதியில் உள்ளூர்ச் சமையலைத் தேடுகிறவர் ஏமாறுவதற்கும், அதே சமையல் வீடுகளில் உயிரோடு இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

இந்த ஏற்பாட்டின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கடை ஆண்களின் இடமாகவே வளர்ந்தது. மாலையில் பரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஆண்கள். அதே மலையில் அதே கூலி வேலை செய்துவிட்டு இறங்கும் பெண் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுகிறாள், அல்லது பார்சல் வாங்கிக்கொண்டு போகிறாள். சாதி இதைவிடக் கொடுமையான கோடு போட்டது. தென் மாவட்டங்களின் டீக்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குவளை வைத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1955 இன் தீண்டாமை ஒழிப்புச் சட்டமும் 1989 இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதைக் குற்றமாக்கின. சட்டம் வந்த பிறகும் அந்தக் குவளைகள் உடனே மறைந்துவிடவில்லை. இயக்கங்கள் போராட வேண்டியிருந்தது. சாப்பாட்டுக் கடை எல்லாருக்கும் பொதுவான இடம் என்று இன்று எளிதாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்தப் பொதுமை யாரோ போராடிப் பெற்றது. பரோட்டாக் கடையை மலிவான தீனிக் கடை என்று ஒதுக்குவோர், சாதி கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்த இடங்களில் அதுவும் ஒன்று என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது நிலை மெல்ல மாறுகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் வாரத்தில் சில இரவுகளாவது பார்சல்தான். குடும்பமாக வந்து உட்காரும் அறைகள் கம்பத்திலும் தேனியிலும் பெருகிவிட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் களியைவிட நூடுல்ஸ் நன்றாகத் தெரியும். மறுபக்கம், ஐக்கிய நாடுகள் சபை 2023 ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி அரசும் சிறுதானியத்தைத் தூக்கிப் பிடித்தது. அந்த ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பெருநகரங்களில் களியும் கருவாட்டுக் குழம்பும் சிறப்பு உணவாக விலை ஏறி விற்கின்றன. அவை பிறந்த பள்ளத்தாக்கின் கடைவீதியில் மட்டும் அவற்றைக் காண்பது அரிது.

கூழின் நிலை வேறு. சித்திரை, வைகாசி வெயிலில் கம்பங்கூழ் வண்டிகள் சாலையோரம் நிற்கின்றன. மோர் மிளகாயும் மாங்காயும் சின்ன வெங்காயமும் வைத்துச் செம்பில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அதே புன்செய்த் தானியத்தில் கூழ் கடைக்கு வந்ததும் களி வராததும் ருசியால் அன்று. கூழை முதல்நாள் இரவே காய்ச்சிப் புளிக்கவைக்கலாம். புளிக்கப் புளிக்கச் சுவை கூடும். பகல் முழுக்க விற்கலாம். களி ஆறினால் இறுகிப்போகும். கிண்டிய சூட்டோடு, குழம்பும் தயாராக இருக்கும் அந்த நேரத்தில் சாப்பிட ஆள் இருக்க வேண்டும். எப்போது வருவார் என்று தெரியாத வாடிக்கையாளருக்காக எந்த மாஸ்டரும் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. குறித்த நேரத்தில், முன்பே சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும் களி போடும் மெஸ் ஒன்றைக் கம்பத்திலோ கே.கே.பட்டியிலோ மகளிர் குழுக்கள் நடத்தினால் இந்தச் சிக்கல் தீரும். கேப்பையும் மொச்சையும் கருவாடும் சந்தையில் இருக்கின்றன. கிண்டத் தெரிந்த கைகள் இன்னும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. இதுவரை வீட்டில் கூலியில்லாமல் செய்த அந்த வேலைக்கு அப்போதுதான் ஒரு விலை கிடைக்கும்.